கார்லோவில் நிற்கும் கிரேக்கக் கோர்ட்டு: பிளான் மாறிய கதையும் நிஜக் கதையும்

அயர்லாந்தின் கார்லோ ஊரில் கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு பழைய நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்ததாகவும், கார்க் நகரத்துக்குப் போட்ட பிளான் தவறி இங்கே வந்துவிட்டது என்று டாக்ஸிக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, அந்தக் கட்டடத்தின் வரலாறு என்ன என்பது உங்கள் கேள்வி.

டாக்ஸிக்காரரைக் குறை சொல்ல முடியாது. கார்லோவில் யாரைக் கேட்டாலும் முதலில் இந்தக் கதைதான் வரும். பெரிய நகரமான கார்க்குக்கு ஒரு பிளான், சிற்றூரான கார்லோவுக்கு ஒரு பிளான். அனுப்பும்போது உறை மாறிவிட்டது. பெரிய கட்டடம் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்ததல்ல. கார்க் நீதிமன்றத்தை வடிவமைத்தவர்கள் பெய்ன் சகோதரர்கள். 1835-ல் முடிந்த அந்தக் கட்டடத்தின் முன்னாலும் எட்டுப் பெரிய தூண்கள் நிற்கின்றன, அவை இலை வேலைப்பாடு மிகுந்த கொரிந்தியன் வகை. கார்க்குக்குச் சின்னது எதுவும் போய்ச் சேரவில்லை. போதாததற்கு, கார்லோவுக்கு வரைந்த அதே கலைஞர் கெர்ரி கவுன்டியின் (அதாவது மாவட்டத்தின்) தலைநகரான ட்ரலீக்கும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை போல ஒரு நீதிமன்றத்தை வரைந்து கொடுத்திருக்கிறார். தூண் தலையில் சுருள் வைத்த அதே அயோனிக் முகமண்டபம், அதே உயரமான படிவரிசை. ஒரே பிளான் இரண்டு ஊருக்கா தவறிப் போகும்?

இந்தமாதிரிக் கதை அயர்லாந்துக்குப் புதிதுமல்ல. கெர்ரியில் கஹர்சிவீன் என்ற ஊரில் 1870-களில் கட்டிய போலீஸ் பாரக்ஸ் ஒன்று, கோபுரமும் கூம்புமாகக் கோட்டை போல இருக்கும். அது இந்தியாவின் வடமேற்கு எல்லையில் கட்டவேண்டியது, காகிதம் மாறி இங்கே வந்துவிட்டது என்று அங்கே சொல்வார்கள். அதுவும் கட்டுக்கதைதான். ஆனால் இந்தக் கதைகளுக்குள் ஒரு முணுமுணுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றும். "இவ்வளவு பெரிசை நமக்கென்று யார் கட்டியிருப்பார்கள்?" என்ற சந்தேகம் அது. கார்லோ நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் நியாயமானது. யாருக்காக, யார் காசில் கட்டினார்கள் என்று பார்த்தால், ஊர்க்காரர்களுக்கு அது தங்களுடையதாகத் தோன்றாததில் வியப்பில்லை.

கொஞ்சம் பின்னால் போகலாம். கார்லோ பாரோ ஆற்றங்கரை ஊர், டப்ளினுக்குத் தென்மேற்கே எண்பது கிலோமீட்டர் சுமார். இன்று பார்த்தால் சாதாரண ஊர். ஆனால் சட்டத்தோடு அதற்குள்ள உறவு ரொம்பப் பழையது. 1361-ல் ஆங்கில அரசர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனல், அயர்லாந்தின் அரசக் கருவூலத்தையும் உரிமை வழக்குகளைப் பார்த்த நீதிமன்றத்தையும் டப்ளினிலிருந்து கார்லோவுக்கு மாற்றினார். தெற்கே இருந்த ஆங்கிலக் குடியிருப்புகளுக்கு டப்ளின் எட்டவில்லை, கார்லோ நடுவில் இருந்தது என்பது காரணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப்பிள்ளைகளும் நீதிபதிகளும் இங்கே உட்கார்ந்து பார்த்தார்கள். ஐரிஷ் குலத்தலைவர்களின் தாக்குதல் ஓயவில்லை. 1394-ல் மூட்டை கட்டிக்கொண்டு டப்ளினுக்கே திரும்பினார்கள்.

அந்தக் காலத்துக் கோட்டை பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதன் முடிவு ஒரு தனிக் கூத்து. 1814-ல் மிடில்டன் என்ற மருத்துவர் கோட்டையை மனநோயாளிகளுக்கான மருத்துவமனையாக்க நினைத்தார். சுவர்கள் அளவுக்கு மீறித் தடிமனாக இருந்ததால் மெலிதாக்க வெடிமருந்து வைத்தார். கோட்டையில் பெரும் பகுதி சரிந்து விழுந்தது. இன்று ஒரு பக்கச் சுவரும் இரண்டு வட்டக் கோபுரங்களும் மட்டும் மிச்சம். ஊருக்கு அடையாளமாக இருந்த ஒரே பெரிய கட்டடம் அப்படிப் போய் இருபது ஆண்டு கழித்து நீதிமன்றம் எழுந்தது.

அதற்கும் முன்னால் 1798 இருக்கிறது. அந்த ஆண்டு மே 25 அதிகாலையில் ஐக்கிய ஐரிஷ்காரர்கள் என்ற புரட்சி அமைப்பினர் கார்லோவுக்குள் நுழைந்தார்கள். படைக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அரசுப் படையினர் டல்லோ தெருவில் வீடுகளுக்குள்ளிருந்து சுட்டார்கள், கிளர்ச்சிக்காரர்கள் ஒளிந்த குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். சில நூறு பேர் இறந்தார்கள். உடல்களை ஆற்றுக்கு அக்கரையில் கிரேக் பகுதியிலிருந்த குழியில் கொட்டினார்கள். அந்த இடத்தில் இன்று நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே ஜூனில் சர் எட்வர்ட் குரோஸ்பி என்ற உள்ளூர்ப் பெருந்தனக்காரரை, கிளர்ச்சிக்காரர்கள் அவர் வீட்டருகே கூடினார்கள் என்பதை வைத்து ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தூக்கிலிட்டது. அவர் நிரபராதி என்று குடும்பம் வெகுகாலம் வாதாடியது. கார்லோவின் நிலக்கிழார்களுக்கு இந்த நினைவு முப்பது ஆண்டு கழித்தும் ஆறாமல் இருந்திருக்கும். மேட்டில், படிகள் ஏறிப்போய்த் தொடவேண்டிய ஒரு சட்டக்கோயில் அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இது பாதிப் பதில்.

மீதிப் பதில் பணம். அந்தக் காலத்து அயர்லாந்தில் ஒவ்வொரு கவுன்டியையும் நடத்தியது 'கிராண்ட் ஜூரி' என்ற குழு. பேரைக் கேட்டால் நீதிமன்றச் சமாச்சாரம் என்று தோன்றும்; பாதிதான் அப்படி. ஒரு வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒரு வேலை. சாலை, பாலம், சிறை, நீதிமன்றம் என்று கவுன்டியின் செலவையெல்லாம் தீர்மானிப்பது இன்னொரு வேலை. உறுப்பினர்கள் 23 பேர். தேர்தல் கிடையாது, கவுன்டியில் அரசரின் பிரதிநிதியான ஹை ஷெரிஃப் தன் வட்டத்துப் பெரிய நிலக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்குவார். செலவுக்கு வரி கட்டியது யார் என்றால், நிலத்தில் உழுதுகொண்டிருந்த குத்தகைக்காரர்கள். 'செஸ்' என்ற அந்த வரியில் அவர்களுக்கு வாய் திறக்க உரிமையில்லை. 1813-ல் வந்த ஒரு சட்டம் நீதிமன்றக் கட்டடங்கள் கட்டுவதை ஒழுங்குபடுத்த, அடுத்த நாற்பது ஆண்டுகளில் கவுன்டிகளுக்குள் ஒரு போட்டியே கிளம்பிவிட்டது. டண்டாக்கில் ஏதென்ஸின் ஹெபைஸ்டோஸ் கோயிலைப் பார்த்து, தலை மொட்டையான டோரிக் தூண்கள், கால்வேயில் டோரிக், டல்லமோரில் அயோனிக். பக்கத்துக் கவுன்டி கட்டினால் நமக்கும் வேண்டும். கார்லோ பரப்பில் அயர்லாந்தின் மிகச் சிறிய கவுன்டிகளில் ஒன்று. ஆனால் அதன் கிராண்ட் ஜூரி கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அடுத்தவர் காசு!

வேலை கிடைத்தது வில்லியம் விட்ருவியஸ் மாரிசனுக்கு. பெயரைப் பாருங்கள்: பழைய ரோமின் கட்டடக்கலை ஆசான் விட்ருவியஸின் பெயரை அப்பா மகனுக்கு வைத்திருக்கிறார். அப்பா ரிச்சர்ட் மாரிசன், டப்ளினின் தலைமை நீதிமன்றமான ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தை எழுப்பிய ஜேம்ஸ் காண்டனிடம் தொழில் கற்றவர். கால்வே, கிளான்மெல் நீதிமன்றங்கள் அவர் கைவேலை. மகன் 1794-ல் கிளான்மெல்லில் பிறந்தார், 1821-ல் பிரான்சும் இத்தாலியும் போய்ப் பார்த்து வந்தார். அப்பாவும் மகனும் சேர்ந்து பாலிஃபின், ஃபோட்டா போன்ற மாளிகைகளைக் கட்டினார்கள். கார்லோ கவுன்டியில் போரிஸ் மாளிகையைப் புதுப்பித்தார்கள். ஊருக்கு வெளியே கர்னல் ஹென்றி புரூவனின் ஓக் பார்க் மாளிகைக்குத் தூண் முகப்பு வைத்தது மகன்தான். ஆக, கிராண்ட் ஜூரியில் உட்காரும் தரத்திலிருந்த குடும்பங்களின் வீட்டுக் கட்டடக்காரரே கவுன்டியின் நீதிமன்றத்தையும் கட்டினார். பிளான் எங்கிருந்தோ தபாலில் வந்து மாறவேண்டிய அவசியமே இல்லை. ஆள் அங்கேதான் இருந்தார். 1834-ல் நீதிமன்றம் முடிந்தது. நான்கே ஆண்டில், 1838-ல், நாற்பத்துநான்கு வயதில் மாரிசன் இறந்துபோனார். அப்பா அதற்கப்புறமும் பதினோரு ஆண்டு இருந்தார்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். பலர் இதை "பார்த்தினான் மாடல்" என்று சொல்வார்கள். முகப்பில் எட்டுத் தூண் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. பார்த்தினானுக்கும் முன்னால் எட்டுதான். ஆனால் பார்த்தினானின் தூண் டோரிக், தலைப்பகுதி மொட்டையாகத் தட்டுப்போல இருக்கும். கார்லோ தூண்களின் போதிகையில் இரண்டு பக்கமும் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருள்கள் இருக்கின்றன. அது அயோனிக். அதற்கு மூலம் ஏதென்ஸில் இலிசோஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு குட்டிக் கோயில், முன்னால் நான்கே தூண் உள்ளது.

"இருந்த" என்று சொன்னதைக் கவனியுங்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கோயில் பிற்காலத்தில் கிறிஸ்தவ தேவாலயமாக மாறிப் பிழைத்துக் கிடந்தது. 1750-களில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நிக்கோலஸ் ரெவெட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஏதென்ஸ் போய் நாடாவும் அளவுகோலும் வைத்து ஒவ்வொரு கல்லையும் அளந்து வரைந்தார்கள். அந்தப் படங்கள் 1762-ல் பெரிய புத்தகமாக வந்தன. 1778-ல் ஏதென்ஸின் ஒட்டோமான் ஆளுநர் ஹாஜி அலி ஹசேகி நகரத்துக்கு அவசரமாக மதில் எழுப்பினார், கல் வேண்டியிருந்தது, கோயிலை இடித்துவிட்டார். அதற்குப் பிறகு இலிசோஸ் கோயிலைப் பார்க்கவேண்டுமென்றால் காகிதத்தில்தான் பார்க்க முடியும். அந்தக் காகிதத்திலிருந்து பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் தூண்களை எடுத்துக் கையாண்டார்கள். மாரிசன் அந்தச் சிறிய கோயிலின் தூண் அமைப்பை எடுத்து, நான்கை எட்டாக்கி, உயரமான அதிட்டானத்தின் மேல் தூக்கி வைத்தார். சொந்த ஊரில் இடிந்துபோன கோயிலின் சாயல் பாரோ ஆற்றங்கரையில் நிற்கிறது. கார்லோவுக்குப் பிளான் எங்கிருந்தோ வந்தது என்ற பேச்சு, இந்த ஒரு பொருளில் மட்டும் சரி.

இலிசோஸைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். கார்லோ கருங்கல் சீமை. கருங்கல் எப்படி என்று நமக்குத் தெரியாததா? உளி பட்டால் பொறி பறக்கும், நுணுக்க வேலைக்கு லேசில் இணங்காது. மற்ற அயோனிக் கோயில்களில் தூணுக்கு மேலே போகும் உத்தரம் மூன்று பட்டைகளாக மடிந்து மடிந்து இருக்கும். இலிசோஸில் அது ஒரே வெற்றுப் பட்டை. கொரிந்தியன் இலைக் கொத்தைக் கருங்கல்லில் கொத்தச் சொன்னால் கல்தச்சர் ஓடியே போயிருப்பார். சுருளும் வெற்றுப் பட்டையும் என்றால் ஒப்புக்கொள்வார். இங்கே கல்வேலை பரம்பரையாக வந்தது. வயல் வேலிக்குக்கூடத் தலையில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டிய கருங்கல் தூண்களை நட்டு, மேலே நீளக் கல்லைக் கிடத்துவார்கள். அதற்குக் 'கார்லோ வேலி' என்றே பெயர். ஊருக்குக் கிழக்கே பிரவுன்ஸ்ஹில்லில் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்திட்டை ஒன்று; அதன் மூடுகல் 100 டன்னுக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

கிட்டப் போய்ப் பாருங்கள். மழை விட்டுச் சூரியன் எட்டிப் பார்க்கிற ஐந்து நிமிடத்தில் தூணடியில் நின்றால் சாம்பல் நிறக் கல்லுக்குள் அபிரகத் துணுக்குகள் உப்புத் தூவினாற்போல மின்னும். தூரத்திலிருந்து கறாராகத் தெரிகிற தூண், தொடும் தூரத்தில் நெருநெருவென்று இருக்கும். ஏதென்ஸின் பளிங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கையில்தான் தெரியும். இன்னொன்றும் தெரியும்: படிகள். அகலமான, மெதுவாக ஏறும் படிகள். ஏறும்போது கண் தானாக மேலே போகும், முக்கோண முகப்பு உங்கள் தலைமேல் வந்து நிற்கும். பயமுறுத்தத்தான் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போனால் கூடத்தை ஒட்டி இரண்டு நீதிமன்ற அறைகள். அன்றைய வழக்கப்படி ஒன்று குற்ற வழக்குக்கு, ஒன்று சொத்து, கடன் வழக்குக்கு. அடித்தளத்தில் கைதிகளை அடைத்துவைக்க அறைகள், சமையலறை, சாமான் அறைகள். அந்தக் காலத்து ஐரிஷ் நீதிமன்றங்களின் சூட்சுமமே யாரும் யாரையும் சந்திக்கக் கூடாது என்பதுதான். நீதிபதிக்கு ஒரு வழி, ஜூரிக்கு ஒரு வழி, கைதி தரைக்கு அடியிலிருந்து படியேறி நேராகக் கூண்டுக்குள் முளைப்பார். அந்த எட்டுத் தூண் முகமண்டபத்தின் வழியாக நடக்கும் பாக்கியம், யாருக்காக இத்தனை ஏற்பாடும் நடந்ததோ அந்தக் கைதிக்குக் கிடைக்காது.

ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் கோடையிலும், டப்ளினிலிருந்து நீதிபதிகள் சுற்றுப்பயணமாக வருவார்கள். 'அசைஸ்' என்று பெயர். ஹை ஷெரிஃப் ஊர் எல்லையில் போய் எதிர்கொள்வார், எக்காளம் ஊதுவார்கள், ஈட்டி பிடித்த ஆட்கள் கூட வருவார்கள். ஏறக்குறைய நம் ஊரில் உற்சவமூர்த்தி புறப்பாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கக் குற்ற வழக்கே இல்லையென்றால் நீதிபதிக்கு வெள்ளைக் கையுறை பரிசளிப்பார்கள். கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அந்த வாரம்தான் அறுவடை. மறுபக்கமும் இருந்தது. 1835 மார்ச் 30 அன்று லூசி ஸ்லை என்ற பெண்ணையும் ஜான் டெம்ப்ஸி என்ற வேலைக்காரனையும், அவள் கணவனைக் கொன்ற குற்றத்துக்காகக் கார்லோ சிறை வாசலில் பொதுமக்கள் முன்னால் தூக்கிலிட்டார்கள். அந்தச் சிறைச்சாலை இருந்த இடத்தில் இப்போது ஷாப்பிங் சென்டர் நடக்கிறது.

இரட்டைப் பிள்ளையான ட்ரலீயில் இன்னொரு சிக்கல் சேரும். கெர்ரியில் ஏராளமானவர்களுக்கு அன்று ஐரிஷ் மொழி மட்டுமே தெரியும். நீதிமன்றம் பேசுவதோ ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளருக்குக் கிராண்ட் ஜூரி சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. தன் மேல் போட்ட குற்றச்சாட்டையே மொழிபெயர்ப்பாளரின் வாய் வழியாகக் கேட்டுக்கொண்டு, கிரேக்கத் தூண்களுக்குப் பின்னால் நின்ற கெர்ரி விவசாயியை நினைத்துப் பார்க்கிறேன். காலனி நாட்டுக் கோர்ட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டுகளில் கார்லோவில் இன்னொரு பெரிய கட்டடமும் எழுந்தது. கத்தோலிக்கர்கள் 1829-ல் நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமை பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டே பிஷப் ஜேம்ஸ் டாயில் கதீட்ரல் கட்டத் தொடங்கி 1833-ல் திறந்தார். 'ஜேகேஎல்' என்று கையெழுத்திட்டு அரசையும் திருச்சபை வரியையும் கிழித்து எழுதியவர் அவர். டைத் எனப்படும் அந்த வரி, கத்தோலிக்க விவசாயிகளிடமிருந்து புராட்டஸ்டன்ட் திருச்சபைக்காக வசூலித்தது. அதன் மேலுள்ள வெறுப்பு, நீதியின் மேலுள்ள அன்பைப் போலவே நிலைக்கட்டும் என்று மக்களிடம் சொன்னவர். அவருடைய கதீட்ரல் உயரமான கோபுரத்தோடு கோதிக் பாணியில். நிலக்கிழார்களுடைய கோர்ட்டு கிரேக்க பாணியில். ஒன்று குத்தகைக்காரர் மனமுவந்து போட்ட காசு, இன்னொன்று அதே குத்தகைக்காரரிடம் செஸ்ஸாகப் பிடுங்கிய காசு. ஊருக்குள் நடந்தால் பத்து நிமிடத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். 1830-களின் அரசியல் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சென்னைக்காரர் நுழைகிறார். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1835 தொடக்கத்தில் கார்லோ கவுன்டிக்கு நிலக்கிழார் தரப்பில் புரூவனும் போரிஸ் மாளிகை தாமஸ் கவனாவும் எம்பிகளாகத் தேர்வானார்கள். மனு போட்டு அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கினார்கள். ஜூனில் மறு தேர்தல். விடுதலைப் போராட்டத் தலைவர் டேனியல் ஓகானல் நிறுத்திய இருவரில் ஒருவர் நிக்கோலஸ் விகர்ஸ், கார்லோக்காரர், லண்டன் விலங்கியல் சங்கத்தின் முதல் செயலாளராக இருந்த பறவை நிபுணர். மற்றவர் அலெக்ஸாண்டர் ரஃபேல். மதராஸில் பிறந்தவர், அங்கே வணிகம் செய்த ஆர்மீனியக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் பெரும் பணக்காரராக ஷெரிஃப் பதவி வரை போயிருந்தவருக்கு கார்லோ எந்தப் பக்கம் என்றாவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். தேர்தல் செலவுக்கு 2,000 பவுண்டு, பாதி வேட்புமனுவின்போது, பாதி ஜெயித்தபின் என்று ஓகானலோடு பேச்சு. ஜெயித்தார். ஆகஸ்டிலேயே எதிர்த்தரப்பு மனு போட்டு இருவரையும் இறக்கி, புரூவனும் கவனாவும் திரும்ப வந்தார்கள். ரஃபேல் கொதித்துப்போய்க் கடிதங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். நாடாளுமன்றக் குழு 1836-ல் விசாரித்து, ஓகானல் சொந்தப் பையில் எதுவும் போடவில்லை என்று சொல்லி முடித்தது. புதுக் கருங்கல்லில் கோர்ட்டு கட்டி முடித்த மறு ஆண்டே ஊர் பார்த்த ஜனநாயகம் இது.

அந்தத் தாமஸ் கவனாவின் மகன் ஆர்தர் 1831-ல் கை கால்கள் இல்லாமல் பிறந்தவர். தனியாகச் செய்த சேணத்தில் குதிரை ஏறினார், வேட்டையாடினார், பாரசீகம் வழியாக இந்தியாவுக்கே போய் ஔரங்காபாத் பக்கம் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். 1857-ல் கார்லோவின் ஹை ஷெரிஃப். ஆக, அந்த ஆண்டு கிராண்ட் ஜூரியைப் பொறுக்கியதும் அசைஸ் நீதிபதிகளை எதிர்கொண்டு அழைத்ததும் அவர் பொறுப்பு. பின்னால் நாடாளுமன்றத்திலும் கார்லோவுக்காக உட்கார்ந்தார்.

படியில் நிற்கிற பீரங்கியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கார்லோவில் சுட்டதல்ல. கிரிமியப் போரில் செவஸ்தோபோல் 1855-ல் விழுந்தபோது பிடித்த ரஷ்யப் பீரங்கிகளை பிரிட்டிஷ் அரசு ஊர் ஊராகப் பரிசு மாதிரி அனுப்பியது. அந்தப் போரில் பிரிட்டிஷ் படையில் ஐரிஷ் சிப்பாய்கள் ஏராளம். ட்ரலீ நீதிமன்ற வாசலில் இரண்டு பீரங்கிகள். அங்கே கிரிமியாவோடு 1857 இந்தியக் கிளர்ச்சியிலும் சீனப் போரிலும் இறந்த கெர்ரிக்காரர்களையும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பட்டினிப் பஞ்சத்திலிருந்து தப்பச் சிப்பாயாகிப் போன பையன்கள் எத்தனை பேர் அதில் இருந்தார்களோ.

நிர்வாகக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 1898 சட்டம் கிராண்ட் ஜூரியின் வரி, சாலை அதிகாரங்களைப் பிடுங்கி, தேர்ந்தெடுத்த கவுன்டி கவுன்சில்களிடம் கொடுத்தது. 1920-ல் விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சித் தரப்பு சொந்தமாக நீதிமன்றங்கள் நடத்தத் தொடங்கியதும் பல ஊர்களில் அரசக் கோர்ட்டுக்கு வழக்கே வராமல் போனது. 1924-ல் ஐரிஷ் சுதந்திர அரசு அசைஸையும் கிராண்ட் ஜூரியையும் ஒழித்து, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டு, சர்க்யூட் கோர்ட்டு என்று புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. தூண்கள் மாறவில்லை, பதாகை மாறியது. ஜூரி முகங்கள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1927 சட்டப்படி சொத்து வரி கட்டுகிறவர்தான் ஜூரியில் உட்காரலாம், பெண்கள் தாமாக எழுதிக் கேட்டால்தான் உண்டு. இரண்டு பெண்கள் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு 1976-ல்தான் புதுச் சட்டம் வந்தது.

கட்டடம் முழுசாகப் பிழைத்ததே அதிர்ஷ்டம். கார்க் நீதிமன்றம் 1891-ல் எரிந்து, முகமண்டபத்தைக் காப்பாற்றி மற்றதைத் திரும்பக் கட்டினார்கள். டல்லமோர் 1922 உள்நாட்டுப் போரில் பின்வாங்கிய குடியரசுப் படையினரின் தீயில் உள்ளே கருகியது. டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் அதே ஆண்டு வெடித்து, பக்கத்திலிருந்த ஆவணக் காப்பகம் ஏழு நூற்றாண்டுக் காகிதத்தோடு சாம்பலானது. பழைய ஐரிஷ் கட்டடம் ஒன்றைப் பற்றி ஆதாரம் தேடப் போகிறவர்கள் கடைசியில் முட்டி நிற்கும் சுவர் அந்தச் சாம்பல்தான். உறை மாறிய பிளான் மாதிரிக் கதைகள் செழிக்க அது நல்ல உரம்.

அடுத்த தடவை போனால் வெளியே நின்று படம் மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். அது இன்றும் வேலை செய்கிற கோர்ட்டு. விசாரணை பொதுவில் நடக்கவேண்டும் என்பது ஐரிஷ் அரசியல் சட்டம், அதனால் பெரும்பாலான வழக்குகளுக்கு நீங்கள் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். போனை அணைத்துவிடுங்கள், நீதிபதி வந்தால் எல்லோரும் எழுவார்கள், நீங்களும் எழுங்கள். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டு நாளாக இருந்தால் வேகமாக ஓட்டிய கார், கட்டாத அபராதம், சனிக்கிழமை ராத்திரி மதுக்கடை வாசலில் நடந்த கைகலப்பு என்று காலை முழுக்க ஓடும். வெளியே எட்டுத் தூணுக்கு நடுவே வக்கீல்கள் கட்சிக்காரர்களைத் தள்ளிக்கொண்டுபோய்க் குசுகுசுத்துக்கொண்டிருப்பார்கள். மழை பெய்தால் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவார்கள்.